மீன்வாலுக்கு வெட்டிய சேலை

கத்தரிக்கோல் முந்தானையில் இறங்கியபோது வந்த சத்தம், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பதுபோல் இருந்தது பாண்டீஸ்வரிக்கு. கடிக்கட்டும். வெட்டியது வெட்டியதுதான், இனிமேல் ஒட்டவா முடியும். மத்தியானம் மணி இரண்டு. நாளைக் காலை ஒன்பதுக்கு மகள் தன்ஷிகா பள்ளிக்கூட மேடையில் கடல்கன்னியாக நிற்க வேண்டும், மாறுவேடப் போட்டி, நாலாம் வகுப்பு முழுக்கக் கடல் சம்பந்தப்பட்ட வேஷம்தான் என்று மிஸ் சொல்லிவிட்டார்களாம். ஆமை, நண்டு, மீனவர், படகு என்று எத்தனையோ இருக்க, இந்தப் பிள்ளை கையைத் தூக்கிக் கடல்கன்னி கேட்டிருக்கிறது. ஒரு நண்டைக் கேட்கக்கூடாதா கழுதை, அட்டையை வெட்டி முதுகில் கட்டிவிட்டிருக்கலாம். வாடகைக் கடைக்காரன் வால் மட்டும் எழுநூறு என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு. “வீட்டுல கேட்டுட்டு வர்றேண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் கேட்க யார் இருக்கிறார்கள்? சோலைராஜ் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் வாய் தானாக அதைச் சொல்கிறது, கடைக்காரனுக்கு முன்னால் ஒரு புருஷனை நிறுத்தி வைத்துக்கொள்கிறது, வெட்கங்கெட்ட வாய். ஜெய்ஹிந்துபுரம் சந்து நெடுக அந்த வாக்கியம் அவள் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள். பளபளவென்று இருக்கிற துணி அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது இந்தச் சேலை, எதற்கு வந்த சேலை என்று தெரிந்தேதான் எடுத்தாள்.

கோடிச் சேலை. சோலைராஜ் கருமாதி அன்றைக்குப் பிறந்த வீட்டுக் கோடி என்று தவமணி அண்ணன் கொண்டுவந்து போட்டது. புருஷன் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள், நாத்தனார் முன்வரிசையில் நின்று சேலையின் ஓரத்தை இரண்டு விரலில் தேய்த்துப் பார்க்கிறாள், அண்ணன் பிரித்து அவள் தலையோடு போர்த்தினான். பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் அழுகையைக் கூட்டினார்கள். மேற்கே இறங்கிய வெயில் சேலை வழியாக வந்து மூக்கு, கை, மடி எல்லாம் பச்சையாக, கிளிப்பச்சையும் இல்லை, மாவிலைத் தளிர் முற்றும்போது வருமே அந்தப் பச்சை, அதில் புள்ளி புள்ளியாகச் சமிக்கி மின்னியது. நல்ல கலரு, என்று நினைத்தாள். நினைத்தே விட்டாள். பதினாறு நாளாக அழுது வீங்கிய கண்ணோடு, கழுத்து வெறுமையாக உட்கார்ந்துகொண்டு, நல்ல கலரு. அதோடாவது மனசு நின்றதா? இதுக்கு மெரூன் ஜாக்கெட் எடுப்பா இருக்கும் என்று போயிற்று. ஒரு நொடிதான், கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான், ஆனால் அந்த நொடியில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் அவளால் இன்றுவரைக்கும் செரிக்க முடியவில்லை. அவன் சாப்பிட்ட தட்டு அடுப்படியில் கவிழ்த்துக் கிடக்க, உனக்கு மெரூன் ஜாக்கெட் கேட்குதோடி? மற்றவர்கள் போட்ட கோடியெல்லாம் மாற்றி மாற்றி வீட்டில் கட்டிக் கிழித்தாகிவிட்டது. இதை மட்டும் தொடவில்லை. யாராவது கேட்டால், பிறந்த வீட்டுச் சேலை, பத்திரமா இருக்கட்டும் என்பாள். கேட்டவர்களும் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெட்டிய முந்தானையை விரித்து அதன்மேல் டீ கிளாஸைக் கவிழ்த்து, வாயின் பாதி வட்டத்தைச் சாக்குக்கட்டியால் வரைந்தாள், அரை வட்டம் அரை வட்டமாக, ஒரு வரிசைக்கு ஒன்பது செதில், அடுத்த வரிசை இடுக்கில் இறங்க வேண்டும். செதிலுக்குத் தனித்தனித் துணி வைத்துத் தைக்க ஆகாது, பொன் நூலில் கோட்டின்மேல் மெஷினை ஓட்டினால் போதும், தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்குச் செதில்தான். வால் துடுப்பு விறைப்பாக நிற்க உள்ளே எதையாவது கொடுக்க வேண்டும், கேன்வாஸ் வாங்கினால் அதற்கு வேறு தனிக் காசு, அரிசிப் பை இரண்டைக் கழுவிக் காயப்போட்டிருந்தாள், அது நிற்கும். இடுப்புக்கு எலாஸ்டிக் பழைய பாவாடையில் இருந்து உருவியது. அளவு நேற்றே எடுத்தாகிவிட்டது. தன்ஷிகாவைத் தரையில் படுக்க வைத்து, ரெண்டு காலையும் சேர்த்து வையிடி என்று சொல்லிச் சாக்குக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டாள். பிள்ளை கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் நெளிந்து சிரித்து எழுந்து ஓடிவிட்டது. தரையில் கோடு மட்டும் கிடந்தது. சோலைராஜ் அடிபட்ட அன்றைக்கு ரிங் ரோட்டிலும் இப்படித்தான் ஒரு கோடு கிடந்தது, தண்ணி கேன் வண்டி எங்கே நின்றது, அவன் எங்கே கிடந்தான் என்று போலீஸ்காரர் போட்டது, இவள் போய்ச் சேர்ந்தபோது ஆளைத் தூக்கியிருந்தார்கள், கோடு இருந்தது. பிள்ளையின் கோட்டை ஈரத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். துடைத்த பிறகுதான் அளவைக் குறித்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது, மறுபடி கூப்பிட்டுப் படுக்க வைக்க மனசு வரவில்லை, பாவாடையை வைத்து அளந்துகொண்டாள்.

பயம் வேறு எங்கிருந்தும் இல்லை, அண்ணனிடம் இருந்துதான். காலையில் போனில், “சாயங்காலம் அஞ்சு மணிக்கு மருமகளைப் பாத்துட்டுப் போறேன், நாளைக்கு நம்ம வண்டியிலயே ஸ்கூலுக்குக் கொண்டு போய் விடுறேன்” என்றான். தவமணி அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறவன். வருஷத்துக்கு நாலு தடவை வந்தால் அதிகம், வந்தாலும் நிலைப்படியிலேயே நின்று, பிள்ளைக்குப் பழத்தைக் கொடுத்து, தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகிறவன். அவன் வந்து இந்தப் பச்சையைப் பார்த்தால் தெரியாமலா போகும்? அவன் கையால் போட்ட கோடி. சாவுக்குப் போட்ட துணியைப் பெத்த பிள்ளை இடுப்பில் சுற்றிவிடுவாளா ஒருத்தி? அப்பனுக்கு விழுந்த கோடி மகளுக்குக் கடல்கன்னி வாலா? அவன் கேட்கவே மாட்டான், அதுதான் கஷ்டம். வீட்டுக்குப் போய் மதினியிடம் சொல்வான், மதினி பத்துப் பேரிடம் சொல்லும். எழுநூறு ரூபாய்க்கு வக்கில்லையா, எங்ககிட்டக் கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்டிருக்கலாம்தான். கேட்கும்போது முகம் எப்படி ஆகும் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. துணியில் என்ன இருக்கிறது, துணி துணிதான், சேலைக்குத் தெரியுமா தான் எந்த வீட்டுக்கு எதுக்குப் போறோம் என்று. இப்படிச் சொல்லிச் சொல்லி ஆறு வரிசைச் செதில் ஓட்டிவிட்டாள். இடது கால் மரத்துவிட்டது. காலை உதறிவிட்டு, துடுப்புக்குத் துணி போதாது என்று சேலையின் மறு நுனியை, இடுப்பில் சொருகுகிற உள் நுனியை, முதல்முதலாக இழுத்துப் பிரித்தாள்.

விரலில் தடிப்பாக ஏதோ தட்டியது. புரட்டினாள். ஓரம் முழுக்க ஃபால்ஸ் அடித்திருந்தது. பச்சை ஃபால்ஸ், சேலைக்குப் பொருத்தமாக, தரை தட்டுகிற ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு உள்பக்கம் வைத்துக் கையால் தைத்தது. கடையில் இருந்து வருகிற சேலைக்கு யார் ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறான்? வாங்கினவள் கட்டுவதற்கு முன்னால் கொண்டுவந்து கொடுப்பாள், பாண்டீஸ்வரி மாதிரி யாராவது உட்கார்ந்து அடிப்பார்கள், அதுதானே அவள் பிழைப்பு, எட்டு வருஷமாக. அப்படியென்றால் இது யாரோ கட்டுவதற்காக அடித்தது. தோளுக்கு வருகிற இடத்தைத் தேடினாள், வெட்டிய துண்டில் இருந்தது, சேஃப்டி பின் போட்ட ஓட்டை இரண்டு. கோடி என்றால் புதுசு. தண்ணி படாதது. அப்புறம் ஏதோ தோன்றி ஃபால்ஸின் தையலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு. நூலை இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்ட முடிச்சு. அடுத்த சாணில் இன்னொன்று. மற்ற பெண்கள் இந்த நுனியில் ஆரம்பித்து அந்த நுனி வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டுப் போவார்கள், கால் மெட்டியில் ஒரு இடம் மாட்டினால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். சாணுக்குச் சாண் முடிச்சுப் போடுகிறவள் இந்தத் தெருவில், ஏன் இந்த ஊரில், அவள் ஒருத்திதான். அது அவள் தையல். அவள் கோடிக்கு அவளே ஃபால்ஸ் அடித்திருக்கிறாள்.

எப்போது? ஒரு நாளைக்குப் பத்துச் சேலை மடியில் ஏறி இறங்குகிறது, எந்தப் பச்சையை என்று நினைவு வைப்பது. ஆனால் வந்துவிட்டது. சோலைராஜ் சாவதற்கு ஒரு வருஷம் முன்னால், மதினி தன் தம்பி கல்யாணத்துக்கு என்று ஒரு பையில் நாலு சேலை கொண்டுவந்து போட்டாள், “மெதுவாத் தா பாண்டி, அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு மறுநாளே வந்து நின்றாள். அதில் ஒன்றுதான். மதினி ஆசை ஆசையாக எடுத்த சேலை. அப்படியென்றால் அண்ணன், தன் பெண்டாட்டி பீரோவில் இருந்து எடுத்து, தேய்த்து, கடை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, சபை நடுவில் புதுசு மாதிரி விரித்திருக்கிறான். சுருக்கென்று கோபம்தான் முதலில் வந்தது. எல்லார் முன்னாலும் எனக்குப் பழசைப் போட்டாயா? நாத்தனார் தேய்த்துப் பார்த்தாளே, அவள் அன்றைக்குப் புரட்டியிருந்தால் என் மானம் என்ன ஆகியிருக்கும், பொறந்த வீட்டு லட்சணத்தைப் பாருன்னு சாகும்வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பாளே. கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்த மாசம் அண்ணன் வண்டி இன்ஜின் பிரிந்து ஷெட்டில் கிடந்தது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்து உடம்பை எடுத்து வந்தது, பந்தல், பதினாறு நாள் சோறு, எல்லாம் அவன்தான் ஓடி ஓடிச் செய்தான். கடைசியில் கோடிக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நின்றிருக்கிறான். பெண்டாட்டியிடம் கேட்டிருக்கிறான், அவள் கொடுத்திருக்கிறாள். கருமாதியில் மதினி மற்ற எல்லாரையும்விடச் சத்தமாக அழுததே, கட்டிப்பிடித்துக்கொண்டு தலையோடு கிடந்த அந்தப் பச்சையில் முகத்தை வைத்து அழுததே. எனக்காக அழுகிறாள் என்று நினைத்தோம். கொஞ்சம் சேலைக்காகவும் அழுதிருப்பாள், பாவம். இவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அதற்குப் பிறகு மதினி இந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. தாலி இல்லாதவள் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று ஒதுங்குகிறாள் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்துக் குமைந்தாள். வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை, காதுகுத்துக்குக் கூப்பிட்டும் கூப்பிடாத மாதிரி. அண்ணன் சுவரைப் பார்த்துப் பேசுவதும் அதனால்தான் என்று நினைத்தாள். இல்லை. அவர்களால் இவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவள் ஒரு நாள் அந்தச் சேலையைப் பிரிப்பாள், ஃபால்ஸைப் பார்ப்பாள், தன் முடிச்சைத் தானே கண்டுபிடிப்பாள் என்று ஒவ்வொரு நாளும் அங்கே இரண்டு பேர் செத்துப் பிழைத்திருக்கிறார்கள். இப்போது அண்ணன் வருவான். வாலைப் பார்ப்பான். வெட்டியிருக்கிறாள் என்றால் பிரித்திருக்கிறாள், பிரித்திருக்கிறாள் என்றால் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான், அந்த மனுஷன் அதன் பிறகு இந்தத் தெருப்பக்கம் வரமாட்டான். இருந்த ஒரே கூடப்பிறந்தவன். காலையில் அவன் கண்ணில் படக்கூடாது என்று பயந்தது தனக்காக, இப்போது பயப்படுவது அவனுக்காக. மணி நாலரை ஆகியிருந்தது, போனை எடுத்தாள். “அண்ணே, இன்னைக்கு வர வேணாண்ணே, பிள்ளை டியூசன் போயிரும்.” அந்தப் பக்கம் ஹாரன் சத்தம். “தெக்குவாசல் தாண்டிட்டேன்த்தா. பத்து நிமிசம் பாத்துட்டுப் போயிர்றேன்.” வைத்துவிட்டான்.

துணியைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்தால் அடையாளம் தெரியாது, மங்கல் பச்சை, சமிக்கியின் நூல் மட்டும் புழு மாதிரி நெளியும். தையல்காரிக்குத் தெரிந்த வித்தைதான், பக்கம் மாற்றிவிடுவது. ஒரு பக்கத் தையலைப் பிரிக்கக்கூட ஆரம்பித்தாள். நாலு தையல் பிரித்ததும் வாசலில் பை விழுகிற சத்தம், “அம்மா!” என்று பிள்ளை வந்து நின்றது, நின்றது அப்படியே நின்றது. மெஷின்மேல் இருந்து தொங்கிய வாலில் சாயங்கால வெளிச்சம் பட்டுக் கூரை ஓட்டில் எல்லாம் புள்ளி ஆடியது. “யம்மா, இது எனக்கா? நெஜமாவா?” செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்தை மாற்றுவது பற்றி அதற்குப் பிறகு யோசிக்க முடியவில்லை. நாலு தையலையும் திரும்பப் போட்டாள், துடுப்பைத் தைத்து முடித்தாள், ஃபால்ஸ் இருந்த துண்டை அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பின்னால் திணித்தாள், தலையை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். திருடியவள் மாதிரி எதற்கு ஒளித்து வைக்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

அண்ணன் நிலைப்படியில் வந்து நின்றபோது தன்ஷிகா வாலை மாட்டிக்கொண்டு குதித்துக் குதித்து எதிரே போனது. “மாமா, பாருங்க, நான் கடல்கன்னி.” அவன் பார்த்தான். கையில் இருந்த வாழைப்பழச் சீப்பு அப்படியே நின்றது. பாண்டீஸ்வரி முந்திக்கொண்டாள். “கட்பீஸுண்ணே. விளக்குத்தூண்ல கட்பீஸ் கடையில சும்மா கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்.” குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. “நல்லாருக்குத்தா” என்றான் அண்ணன், சுவரைப் பார்த்து. பிழைத்தோம் என்று நினைத்தாள். தன்ஷிகா விடவில்லை. “மாமா, நாளைக்கு மேடையில மிஸ் எம்மேல தண்ணி தெளிப்பாங்களாம், கடல்னா தண்ணி இருக்கணும்ல? சாயம் போயி எங்காலெல்லாம் பச்சையாயிருமா?” “போகாதுடா தங்கம்” என்றான் அவன், பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, யோசிக்காமல். “உங்கத்தை ரெண்டு தடவ அலசிருச்சு. ஒரு பொட்டுச் சாயம் போகல.”

சொன்ன பிறகுதான் அவனுக்குக் கேட்டது. பழச் சீப்பைத் தரையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான் அவ்வளவு பெரிய ஆள். “ஒனக்கு அன்னைக்கே தெரியும்னு எனக்குத் தெரியும் பாண்டி” என்றான். “மத்த கோடியெல்லாம் கட்டுன. இதை மட்டும் நீ ஒரு நாள் கட்டலை. கண்டுபிடிச்சிட்டா, அதான் தொட மாட்டேங்குறான்னு உங்க மதினி கெடந்து அழுதா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் வீட்டுக்குள்ள வர்றது?”

“இன்னைக்குத்தாண்ணே தெரியும். மூணு மணிக்கு.”

“அப்பறம் ஏன் கட்டலை?”

பாசம் என்று சொல்லலாம். இரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய பொய், நாக்கு நுனியில்தான் இருந்தது, அண்ணனும் அதை வாங்கிக்கொண்டு பழத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். ஆனால் அவன் முதல்முறையாகச் சுவரை விட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், சபை நடுவில் பழஞ்சேலையோடு நின்ற அதே முகத்தோடு. “நீ தலையில போட்டப்ப, அத்தனை பேரும் அழுகுறாக, எனக்கு அந்தக் கலரு பிடிச்சுப்போச்சுண்ணே” என்றாள். “மெரூன் ஜாக்கெட்டு எடுப்பா இருக்கும்னுகூட நெனச்சேன். அவரு செத்துப் பதினாறு நாள்தான் ஆச்சு. அந்த வெக்கத்துலதான் கட்டலை.”

அண்ணன் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துப் பக்கத்தில் போனாள். சிரித்துக்கொண்டிருந்தான், அழுதுகொண்டும்தான் இருந்தான்.

“பிடிக்காம என்னத்தா செய்யும்? உங்க மதினி ஒரு மத்தியானம் பூரா என்னையக் கடை வாசல்ல நிக்க வச்சு எடுத்த கலருல்ல” என்றான்.